உடம்பு தேறியிருக்கிறது

ஆள் ஏறாமலே எடை மெஷின் அரைக் கிலோ காட்டியது.

காலை ஆறு மணிக்கு முன்னால் யூனிட்டைத் திறந்து, ஃபேனைப் போட்டு, சிஸ்டர் முதலில் செய்கிற வேலை அந்த மெஷினைத் துடைத்துப் பூஜ்யத்தில் நிறுத்துவதுதான். பதினான்கு வருஷமாகச் செய்கிற வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவாள். துடைத்தாள், பட்டனை அழுத்தினாள், பூஜ்யம் வந்தது. சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் அரைக் கிலோ. ஒரு கிராம் கூடுதலும் இல்லை, ஒரு கிராம் குறைவும் இல்லை. ஆறு வருஷமாக இங்கே வந்துகொண்டிருந்த டைலர் செத்து அன்றோடு ஒன்பது நாள்.

"ஈரம் எறங்கியிருக்கும் சிஸ்டர்" என்றார் டெக்னீஷியன், மெஷின்களுக்குக் குழாய் மாட்டிக்கொண்டே.

"இந்த வெயில்ல ஈரம் எங்கருந்து வரும்?"

"அப்ப எலி பூந்திருக்கும். அரைக் கிலோ எலி. ஆஸ்பத்திரி எலியாச்சே, நல்லாத் தின்னுட்டுக் கெடக்கும்."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. மெஷினைத் தூக்கிக் கதவோரம் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அரைக் கிலோ.  வேறு எந்த எண்ணைக் காட்டியிருந்தாலும் ரிப்பேர் என்று விட்டிருப்பாள். அரைக் கிலோ அவளுக்கும் அவள் எழுதுகிற ரெஜிஸ்டருக்கும் நடுவில் இருந்த விஷயம். இன்னொருவருக்கு அது தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது அரசாங்க ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் யூனிட். நீளமான ஓர் அறை, நாலு சாய்வு நாற்காலி, நாலு மெஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, கையில் இரண்டு ஊசி குத்திக்கொண்டு, ரத்தத்தை வெளியே அனுப்பிச் சுத்தமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். தனியாரில் இதற்கு ஆகிற செலவைக் கேட்டால் இருக்கிற உயிரும் போய்விடும். இங்கே இலவசம். அதனாலேயே இங்கே ஒரு நாற்காலி கிடைப்பது குதிரைக்கொம்பு.

இவர்களுக்குச் சிறுநீர் போகாது. குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும், மெஷின்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதற்கு ஓர் அளவு உண்டு. மிச்சத் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் ஓர் ஆள் எவ்வளவு எடை நிற்பாரோ அதுதான் அவருடைய டிரை வெயிட். வரும்போது எடை பார்ப்பார்கள். டிரை வெயிட்டுக்கு மேலே நிற்பதெல்லாம் தண்ணீர். போகும்போது அது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதிக் காரணம் சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்பு வரை ஒருவருக்கு நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு அணியாக இருபத்து நாலு பேர் உள்ளே, அறுபது பேர் பட்டியலில். உள்ளே ஒருவர் செத்தால்தான் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு இடம். கூப்பிட்டுச் சொல்வது சிஸ்டரின் வேலை. "நாளைக்குக் காலைல வந்துடுங்க" என்று அவள் சொன்னதும் எதிர்முனையில் சந்தோஷம் வராது. முதலில் ஒரு கேள்விதான் வரும்: "யாரு போனாங்க?" ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அந்த போனைத் தொடவே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

அவளுடைய வீட்டுக்காரரும் அந்தப் பட்டியலில் பதினோரு மாதம் நின்றார். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுகிற மனுஷன். இருந்த நகையையும் சேமிப்பையும் கரைத்து வாரத்துக்கு ஒரு தடவை தனியாரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் பெயரை மேலே ஏற்ற அவள் பேனாவுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஏற்றவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கூடுதல் மெஷின் கிடையாது, கூடுதல் ஆள் கிடையாது, ஒதுக்கிய நிதிக்கு மேல் எதுவும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் சமமாகச் சிகிச்சை கிடைக்க வேண்டும், யாரும் காத்திருக்கக் கூடாது, தரமும் குறையக் கூடாது. எழுதினவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார். இந்த அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்து நாற்காலியை எண்ணியிருந்தால் இன்னும் நல்ல மனுஷராக இருந்திருப்பார். டாக்டரம்மா மீட்டிங் போட்டு, அந்தத் தாளை மேஜைமேல் வைத்து, "என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றார். எல்லாரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர்தான் வாயைத் திறந்தாள்.

"நாலு மணி நேரத்த மூணாக்கிட்டா இன்னொரு ஷிஃப்ட் ஓட்டலாம் டாக்டர். எட்டுப் பேரு கூட எடுக்கலாம்."

தன் புருஷன் பட்டியலில் மூன்றாவதாக நிற்பது அப்போது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதை மனசில் வைத்துச் சொல்லவில்லை என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது. டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம், ரெஜிஸ்டரில் சிவப்பு அதிகமில்லை என்றால் நிரந்தரமாக்கலாம் என்று மேலிடமும் ஒத்துக்கொண்டது. எட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். முதலில் முட்டை வியாபாரம் செய்கிற அம்மா, அடுத்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மூன்றாவது அவள் வீட்டுக்காரர். புது ஷிஃப்ட் என்று சொன்னதால் அந்த எட்டுப் போனிலும் யாரும் "யாரு போனாங்க" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "யாரும் போகல" என்று சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்துபோனது தரையில் கால் பாவாமல்தான்.

டைலர் முதல் ஷிஃப்ட், இரண்டாவது நாற்காலி. ஆறு வருஷமாக அதே இடம். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கையை வைத்துக் காற்றிலேயே ஆட்களை அளப்பார். "சிஸ்டர், உங்க யூனிஃபார்ம் தோள்ல அரை இஞ்ச் எறங்குது. யாரு தெச்சது? போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க அவன." மூன்று மணி நேரமாக ஆன முதல் நாள், மெஷின் மணி அடித்ததும் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அதுக்குள்ளயா? என் ஒரு மணி நேரத்த எங்க சிஸ்டர் வச்சிருக்கீங்க?"

"எட்டுப் பேருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டேன் டைலர்."

"அப்ப சரி. துணி வீணாப் போகல."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டார். கோபமாக இல்லை, கிண்டலாகத்தான். இந்த ஒன்பது நாளாக, முதல் ஷிஃப்டில் மூன்று மணி நேரம் முடிந்து மெஷின்கள் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் கழுத்துக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. திரும்பினால் காலி நாற்காலி. அதில் அடுத்த ஆளை உட்கார வைக்க வேண்டும். மெஷின் சர்வீஸுக்கு இருக்கிறது என்று சாக்குச் சொல்லி அவள் போனையே எடுக்கவில்லை.

அவள் செய்தது இதுதான். நாலு மணி நேரத்துத் தண்ணீரை மூன்று மணி நேரத்தில் இழுக்க முடியாது. வேகமாக இழுத்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு ஆள் அலறுவார். மெதுவாக இழுத்தால் ஒவ்வொருவரும் அரைக் கிலோ மிச்சத்தோடு வீட்டுக்குப் போவார்கள். மெதுவாக இழுத்தாள். முதல் வாரத்திலேயே ரெஜிஸ்டர் பக்கம் சிவந்துவிட்டது. இப்படிப் போனால் ஆறு மாதம் என்ன, ஆறு வாரம் தாங்காது. எட்டுப் பேரும் வெளியே.

அப்போதுதான் டிரை வெயிட் கட்டம் கண்ணில் பட்டது. அது மாறக்கூடியதுதான். ஆள் நன்றாகச் சாப்பிட்டுச் சதை பிடித்தால் கூட்டி எழுதுவது வழக்கம். பக்கத்தில் 'உடம்பு தேறியிருக்கிறது' என்று காரணம் போட்டால் போதும். டைலரின் ஐம்பத்தெட்டு கிலோவை ஐம்பத்தெட்டரை ஆக்கினாள். மிச்சம் நின்ற அரைக் கிலோ தண்ணீர் ஒரு கோட்டில் சதையாகிவிட்டது. அரைக் கிலோ என்ன பெரிய அரைக் கிலோ, இரண்டு டம்ளர் தண்ணீர். மற்றவர்களுக்கும் அப்படியே எழுதினாள். அடுத்த மாதம் இன்னொரு அரை. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. முப்பத்திரண்டு பேருக்கும் உடம்பு தேறிக்கொண்டே போயிற்று. மாதக் கடைசியில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். முதல் வாரத்துக்கு அப்புறம் சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கள், காலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டிய டைலர் ஐந்தே முக்காலுக்கு வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். வாயோரம் நுரை. ஞாயிறு முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கியிருக்கிறார். விடிந்தால் மெஷின் இருக்கிறதே என்று பொறுத்திருக்கிறார். இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். அது பொய்யில்லை. சிஸ்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய கால்களைப் பார்த்தபடி நின்றாள். நுரையீரலில் தண்ணீர் ஏறி, உலர்ந்த ஸ்ட்ரெச்சரில் மனுஷன் மூழ்கிச் செத்திருந்தார்.

எடை மெஷின் அரைக் கிலோ காட்டிய அன்றைக்கு, புதன்கிழமை, முதல் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் டைலருடைய சம்சாரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, சர்டிஃபிகேட் ஏதாச்சும் வேணுமா?"

"இல்ல சிஸ்டர். ஆறு வருஷமா காலைல ஆறு மணிக்கு இந்த பெஞ்சுல உக்காந்து பழகிருச்சு. வீட்ல உக்காந்தா மூச்சு முட்டுது. செத்த இருந்துட்டுப் போறேனே."

"தாராளமா இருங்க. டீ சொல்லட்டுமா?"

"வேணாம். ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

மடியில் இருந்த பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பேன்ட்டை எடுத்து விரித்தார். டைலர் எப்போதும் போட்டுக்கொண்டு வருவது.

"துணியெல்லாம் எடுத்து மடிக்கும்போது பாத்தேன். நானும் அவரோட உக்காந்து காஜா எடுத்தவதான், தையல் தெரியும். இங்க பாருங்க, இடுப்பு. முப்பத்தி நாலு இது. மூணு தடவ பிடிச்சிருக்காரு, மூணு வரி தெரியுதா? இப்ப முப்பத்தொண்ணு. இங்க பாருங்க, காலு. பக்கத்துத் தையல அவுத்து, துண்டு குடுத்து அகலப்படுத்தியிருக்காரு. எங்கிட்டச் சொல்லவே இல்ல. நான் கடைக்குப் போனப்ப அவரே உக்காந்து பண்ணியிருக்காரு."

சிஸ்டர் அந்தத் தையலைப் பார்த்தாள். அளந்து வைத்த மாதிரி நேராக இருந்தது.

"ரெண்டரைக் கிலோ ஏறியிருக்கேன், உடம்பு தேறியிருக்குன்னு சிஸ்டரே எழுதிட்டாங்கன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நானும் என் கைச் சாப்பாடுன்னு நெனச்சு உச்சி குளுந்து போயிருந்தேன். தேறின மனுசனுக்கு இடுப்பு எதுக்கு சிஸ்டர் எளைக்கணும்? காலு மட்டும் எதுக்குப் பெருக்கணும்?"

பேன்ட்டை மறுபடி மடித்துக்கொண்டே அக்கா சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. நீங்க அளந்து குடுக்கச் சொன்ன டம்ளர்லதான் தண்ணி குடுப்பேன். இந்த வெயிலுக்கு நாக்கு வறண்டு போயி சின்னப் பிள்ள மாதிரி என் மூஞ்சியப் பாப்பாரு. நாலஞ்சு தடவ மனசு கேக்காம அரை டம்ளர் கூடக் குடுத்துட்டேன். அதனாலயா? மறைக்காம சொல்லுங்க. நான்தான் கொன்னுட்டேனா?"

"இல்லக்கா. உங்க தண்ணி இல்ல."

"அப்ப எந்தத் தண்ணி?"

உள்ளே ஏதோ ஒரு மெஷின் அலறியது. நல்லவேளை என்று சிஸ்டர் ஓடினாள். குழாய் மடங்கியிருந்தது, அவ்வளவுதான். நிமிர்த்திவிட ஒரு நொடி. அப்படி ஓடி வந்ததற்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பகல் முழுக்க அவள் வராந்தாப் பக்கம் தலை காட்டவில்லை.

அன்று வீட்டுக்காரருக்கு மெஷின் நாள் இல்லை. சாயங்காலம் வந்து காய் நறுக்கினாள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் வடிவதற்காக இவர்கள் வீட்டில் எந்தக் காயும் இரண்டு தடவை வேகும். இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டுச் சக்கையை உப்பில்லாமல் வதக்குவாள். அதைத் தின்றுவிட்டு "ஆகா, காகிதம் மாதிரியே இருக்கு, எங்க முதலாளி பாத்தா வெட்டச் சொல்லுவாரு" என்பார். அந்த ஜோக்கை இன்றைக்கும் சொன்னார். சமையலறை புழுங்கியது. முகத்தைத் துடைக்கத் துண்டு எடுக்கப் போனவள் கதவின் பின்னால் தொங்கின பெல்ட்டைப் பார்த்தாள். கடைசி ஓட்டைக்கு அப்பால் இன்னும் இரண்டு ஓட்டை. ஓரம் பிசிறிக்கொண்டு நின்றது.

"இது யாரு போட்டது?"

"நான்தான். ஆணியக் காய வச்சுக் குத்தினேன். பேன்ட் நிக்க மாட்டேங்குது."

"ஷூ எங்க?"

"அது கடிக்குது. செருப்புதான் இப்பல்லாம். என்ன, திடீர்னு சுங்கச் சோதனை?"

கீழே உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பதினைந்து வரை குழி மூடவில்லை. சதையில்லை, தண்ணீர். ரெஜிஸ்டரில் அறுபத்து நாலு கிலோவிலிருந்து அறுபத்தாறரை ஆகியிருந்தார். அவள் கையெழுத்துதான். தினமும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தான் எழுதினதையே தான் நம்பிவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு மை, அரைக் கிலோ, டைலர் பேன்ட், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அக்கா. காலை மடியிலிருந்து இறக்காமலே சொன்னாள். 

"இப்ப என்ன பண்ணப் போற?"

"டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன். நாலு மணி நேரம் பழையபடி வரணும்."

"வந்தா?"

"நாலாவது ஷிஃப்ட் போயிடும்."

காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "வாய மூடிட்டு இரு."

"ஏங்க, இப்படியே போனா நீங்களும் அந்த டைலர் மாதிரி..."

"இப்படியே போனா எப்பவோ. நீ சொன்னா இப்பவே. ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லையா? பதினோரு மாசம் நின்னேன்டி. முன்னாடி நிக்கிறவன் முதுகையே பாத்துக்கிட்டு நின்னேன். கெடச்சது அரைக் கஞ்சியோ கால் கஞ்சியோ, கெடச்சுதுல்ல? அதையும் பிடுங்கப் போறியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை அவர் 'டி' போட்டதில்லை. பயம் அப்படிப் பேச வைத்தது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் வலிக்காமல் இருந்துவிடுமா? எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். வெகுநேரம் கழித்து அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"டைலர் எடம் காலியாத்தான இருக்கு?"

 அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக போனை எடுக்காததற்குக் காரணம் துக்கம் மட்டும்தானா என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

வியாழனும் வெள்ளியும் ஒவ்வொருவர் காலாக விரல் வைத்து அழுத்தினாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள், பழைய பக்கங்களைப் புரட்டினாள். முப்பத்தொரு பேருக்கும் நிஜமான டிரை வெயிட் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தாளில் எழுதினாள். பலருக்கு இறங்கியிருந்தது. தேறினவர் என்று ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

சனிக்கிழமை டாக்டரம்மா அறையில் அந்தத் தாளை வைத்தாள். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நிரந்தரமாக்கறாங்களாம். நேத்துதான் சொன்னாங்க. நம்மள மாதிரியே மத்த ஆஸ்பத்திரியிலயும் மூணு மணி நேரம் கொண்டுவரப் போறாங்க. சிவப்பே இல்லாத ரெஜிஸ்டர்னு மேல ஒரே பாராட்டு."

"நான் பொய் எழுதிட்டேன் டாக்டர்."

"எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? முப்பத்திரண்டு பேருக்கு ஒரே மாசத்துல ஒரே அளவு சதை போடுமா? டாக்டருக்குப் படிச்சிருக்கேன் சிஸ்டர். தெரிஞ்சுக்காம இருந்துட்டேன். எட்டுப் பேரு மூஞ்சி தெனம் கண்ணுல படுதே."

ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. டாக்டரம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, நாலு மணி நேரத்துக்கே போவோம். மேல நான் எழுதறேன். ரெண்டு மெஷினாவது குடுங்கன்னு சண்ட போடறேன். எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. அந்த எட்டுப் பேர அப்படியே விட முடியாது. ஞாயித்துக்கிழமை நாம சம்பளமில்லாம வந்தா அவங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை போட்டுவிடலாம். ஒரு தடவைங்கிறது உயிரப் பிடிச்சு வைக்கிறது, அவ்ளோதான். அதுவும் எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாது."

"நான் வர்றேன் டாக்டர்."

"டைலர் எடத்துல உங்க வீட்டுக்காரரப் போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். இத்தன வருஷம் வேல பாத்திருக்கீங்க, யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க."

 சரி என்று தலையாட்டினால் போதும். தலை அசைய ஒரு நொடி. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுஷன் கண்ணுக்குள் வந்தார். கூடவே சாம்பல் நிறப் பேன்ட்டின் அந்த மூன்று வரித் தையலும் வந்தது.

"அவரு மூணாவது டாக்டர்" என்றாள்.  "முட்டைக்காரம்மாதான் முதல்ல."

வெளியே வந்தால் அக்கா பெஞ்சில் இருந்தார். புதன்கிழமையிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தார். சிஸ்டர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கேட்டீங்களேக்கா. அது நான் உள்ள விட்ட தண்ணி. மெஷின் எடுக்காத தண்ணியச் சதைன்னு எழுதினேன்."

முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அக்கா குறுக்கே பேசவில்லை.  சத்தம் போட்டிருந்தால், முடியைப் பிடித்து உலுக்கியிருந்தால் சிஸ்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும் சிஸ்டர்" என்றார் கடைசியில். "நாப்பது வருஷம் அடுத்தவன் இடுப்ப அளந்தவரு. தன் இடுப்பு தெரியாமப் போகுமா? அதான் எனக்குத் தெரியாமத் தெச்சிருக்காரு. உங்க எட்டுப் பேரப் பத்தி வீட்ல வந்து பேசுவாரு. யாருக்கு எத்தன பிள்ளைங்கன்னு கூடத் தெரியும் அவருக்கு."

சிஸ்டர் அழுதாள். அக்கா அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவரு குடுத்தாரா, நீங்க எடுத்துக்கிட்டீங்களா, அது எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவரு எனக்கும் புருஷன்தானே?"

வராந்தா முனை வரை மெதுவாக நடந்து போனார். அதற்குப் பிறகு அந்த பெஞ்சுக்கு அவர் வரவேயில்லை. சிஸ்டர் உள்ளே போய் போனை எடுத்தாள்.

"முட்டைக்காரம்மாவா? சிஸ்டர் பேசறேன். திங்கக்கிழமைலருந்து நீங்க காலைல ஆறு மணிக்கு வாங்க. ரெண்டாவது நாற்காலி. நாலு மணி நேரம்."

 "யாரு போனாங்க சிஸ்டர்?"

"டைலரு."

மற்ற ஏழு பேரில் ஆறு பேரிடம், இனி வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டாள். வாத்தியார் "நல்லதும்மா, தகவலுக்கு நன்றி" என்று பாடம் முடித்த மாதிரி சொல்லி வைத்தார். ஒருவர் அசிங்கமாகத் திட்டினார். ஒருவர் வீட்டில் அவருடைய மகள் எடுத்து, விஷயம் தெரியாமல், "அப்பாவுக்கு இப்ப உடம்பு நல்லாத் தேறிடுச்சு ஆன்ட்டி" என்றாள். ஏழாவது போனுக்கு அவசியமில்லை. வீட்டுக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"நான் எத்தனாவது?"

"இப்ப ரெண்டாவதுங்க. உங்களுக்கு முன்னாடி வாத்தியார் மட்டும்தான்."

"அப்ப இன்னும் ரெண்டு பேரு" என்றார். என்ன ரெண்டு பேர் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு நாற்காலி காலியானால் வாத்தியார் போவார். இன்னொன்று காலியானால் இவர்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட். முட்டைக்காரம்மா இரண்டாவது நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பது போலச் சுற்றிலும் பார்த்தாள். முதல் நாற்காலிக்காரர் பழைய லாரி டிரைவர். அன்றைக்குப் பூஜ்யத்திலேயே நின்ற எடை மெஷினில் ஏறி நின்று இருமினார். மூன்று கிலோ ஏறியிருந்தது. கணுக்காலில் குழி. மூச்சில் ஒரு கரகரப்பு. நாலாவது நாற்காலியில் இருந்த கிழவிக்குப் போன வாரம் இரண்டு தடவை பிரஷர் விழுந்திருந்தது. கை குச்சி மாதிரி இருந்தது. லாரிக்காரர் ஒன்று, கிழவி இரண்டு.

எண்ணி முடித்த பிறகுதான், எதை எண்ணினோம் என்று சிஸ்டருக்கு உறைத்தது.  வருஷக்கணக்காக இவர்களுக்கு ஊசி குத்துகிறாள். லாரிக்காரர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறாள்.

"என்ன சிஸ்டர், அப்படிப் பாக்கறீங்க? என் மூஞ்சில ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்லண்ணே. இன்னைக்கு நாலு மணி நேரம். மெதுவா எல்லாத்தையும் எடுத்துருவோம்."

"எடுங்க எடுங்க. நேத்து ஃபுல்லா உக்காந்தே தூங்கினேன்."

ஊசியைக் குத்தி, மெஷினை ஓட்டிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தாள். டெக்னீஷியன் டீ குடிக்கக் கூப்பிட்டார், போகவில்லை. ஃபைல் ஒன்று கையெழுத்துக்கு வந்தது, அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். கிழவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு நர்ஸை அவள் பக்கத்தில் நிறுத்தினாள். லாரிக்காரருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எழுந்து போங்க சிஸ்டர். நான் என்ன, ஊசியப் பிடுங்கிட்டு ஓடியா போயிடுவேன்?"

"இருக்கட்டும்ணே. நீங்க தூங்குங்க."

அவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கி, மூச்சு சீராக வந்தது. முகத்தில் இருந்த ஊதல் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. அதை அவள் கிட்டே போய்ப் பார்க்கத் துணியவில்லை. எழுந்து போகப் பயமாக இருந்தது. தன்னை நினைத்துத்தான் பயம். மூன்று மணி நேரம் முடிந்து நாலாவது மணி நேரம் தொடங்கியபோதும் அவள் அந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.